கடுகு கொஞ்சம் தூக்கலாய்

அமலோருக்குக் கொழுப்பு என்று
இருபது வருஷமாய்ச் சொல்லி வருகிறேன்.
முத்தியால்பேட்டை லேபிலிருந்து
காகிதத்தில் வந்தபிறகுதான்
பயமாக இருந்தது.
ஒரு எண்ணுக்குக் கீழே
டாக்டர் பேனாவால் இரண்டு கோடு.

நீள ரொட்டியைக் குறுக்கே பிளந்து
அரைவிரல் கனத்துக்கு மயோனைஸ் பூசாமல்
சனிக்கிழமை ராத்திரி இல்லை அவருக்கு.
வெள்ளரி, தக்காளி, அவித்த முட்டை
எல்லாமே அதைச் சாப்பிட ஒரு சாக்கு.

பிரிட்ஜ் கதவில் நின்ற பாட்டிலைக்
கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.
முதல் வார்த்தை எண்ணெய்.
மூன்றாவது சர்க்கரை.
கடைசிக்குப் பக்கத்தில் முட்டை,
விருந்துக்கு வந்து
கை நனைக்காமல் போனவர் மாதிரி.

முதலில் பண்ருட்டி முந்திரியை
ஊறவைத்து அரைத்தேன்.
கல்யாண வீட்டுக் குருமா போல்
வழவழவென்று வந்தது.
விலையை நினைத்தால்
அதுவே நெஞ்சுவலி.

கொண்டைக்கடலையை அவித்துப்
பூண்டும் எலுமிச்சையும் சேர்த்தேன்.
ரொட்டிக்குள்ள சுண்டல் எதுக்கும்மா என்றாள்
சின்னவள் க்ளோதில்.

வெண்ணெய்ப்பழம்
காலையில் இளம்பச்சை.
ஆபீஸில் டப்பாவைத் திறக்கும்போது
குளத்து ஓரத்து நிறம்.

கடைசியில் தயிர்.
அவருடைய பழைய வேட்டியில் ஒரு முழம் வெட்டி
ஒரு லிட்டர் கெட்டித்தயிரை மூட்டையாய் முடிந்து
சிங்க் குழாயில் தொங்கவிட்டேன்.
கீழே குண்டான்.

தூக்கம் வரவில்லை.
சமையலறையில் சொட்டு.
பக்கத்தில் அவர் மூச்சு.
குருசுக்குப்பம் பக்கமிருந்து அலை.
மூன்றில் எது நின்றாலும் எழுந்துவிடுவேன்
என்று படுத்திருந்தேன்.
இரண்டு மணிக்குச் சொட்டு நின்றது.
ஓடிப்போய்ப் பார்த்தால்
குண்டான் நிரம்பி
மூட்டையின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது தண்ணீர்.
கொட்ட மனம் வரவில்லை.
மறுநாள் அதில்தான் சப்பாத்தி மாவு பிசைந்தேன்,
அவ்வளவு மெத்தென்று
இதற்குமுன் வந்ததில்லை.

விடிந்து அவிழ்த்தபோது
வேட்டியின் இழையெல்லாம் பதிந்து
ஒரு வெள்ளை உருண்டை.
ஊறவைத்து அரைத்த கடுகு கால் ஸ்பூன்,
பூண்டு அரைப் பல்,
எலுமிச்சை, மிளகு, உப்பு.
எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன்,
அதற்குமேல் கை போகவில்லை.
மத்தால் அல்ல, முள்கரண்டியால் அடித்தேன்,
பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்காமல்.

பிறகு செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
லேபிள் நனையாமல் பழைய பாட்டிலைக் கழுவி
இதை நிரப்பி
அதே கதவில் அதே இடத்தில் வைத்தேன்.
திருடி மாதிரி என்று சொல்லமாட்டேன்,
திருடியேதான்.

மூன்று சனிக்கிழமை சாப்பிட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
வழிந்ததை விரலால் வழித்து நக்கினார்.
ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்.
கூடவே, மெல்லிய முள் மாதிரி ஒன்று:
இருபது வருஷம் நான் சமைத்துப்போட்ட நாக்கு
இவ்வளவு சுலபமாகவா ஏமாறும்?

நாலாவது வாரம் ஞாயிறு.
பெத்தாங் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.
இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாய்த் துடைத்துப்
பையில் போட்டபடி,
தலை நிமிராமல்,
'அடுத்த தடவை கடுகு கொஞ்சம்
தூக்கலாப் போடு.
அப்புறம்,
நீ வெட்டுனது நல்ல வேட்டி.
கிழிஞ்சது பீரோ கீழ்த்தட்டுல இருக்கு.'

படியிறங்கும்போது
பைக்குள் குண்டுகள் ஒன்றோடொன்று
முட்டிக்கொள்ளும் சத்தம்.

மூன்று மாதம் கழித்து
மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.
அந்த எண் என்ன சொல்லுமோ.

பாட்டிலை வெளியே எடுத்தேன்.
லேபிளின் ஒரு மூலை
ஏற்கெனவே உரிந்திருந்தது,
யாரோ நகத்தால் கிள்ளிப் பார்த்த மாதிரி.
மிச்சத்தை நான் உரித்தேன்.